லப்டொப் தாங்காது

எங்கள் மிட்வைஃப் அக்காவின் லப்டொப்பை எழுப்புவதற்கு முதலில் ஒரு தலைக் கிளிப் வேண்டும். ஓன் பண்ணும் பொத்தான் எப்போதோ உள்ளே விழுந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள் கிளிப்பின் நுனியை விட்டு, கொஞ்சம் சாய்த்து, மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு திரையை நிமிர்த்தி, பின்னால், கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாப் பெட்டிகள் இரண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மல்லாந்து விழும். அதற்குப் பிறகு பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"அது எழும்பும் மட்டும் கதைக்காதைங்கோ," என்பார். "முதுகைக் கதிரையில சாய்ச்சு, ரெண்டு காலும் நிலத்தில படிய இருங்கோ. காலுக்கு மேல கால் போடாதைங்கோ பிள்ளை. லப்டொப் தாங்காது."

என் காலுக்கும் லப்டொப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. ஒருவரும் கேட்டதில்லை. தலைமன்னாரில் எங்கள் பகுதியில் எந்தப் பிள்ளைக்கு எப்போது ஊசி, எப்போது சோறு தீத்தத் தொடங்கலாம், அடுத்த பிள்ளை எத்தனை வருடம் கழித்து என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் காலை இறக்கு என்றால் இறக்கத்தான் வேண்டும்.

பிரான்சில் இருந்த அவருடைய தம்பி, தன் பிள்ளைகள் விளையாடிக் களைத்த பிறகு அனுப்பிவைத்த லப்டொப் அது. மூன்று எழுத்துகளுக்குக் கட்டையே இல்லை. பட்டரி செத்துப்போய், வயரைச் செருகினால் மட்டும் உயிர் இருக்கும். அதில்தான் அவர் எங்களைப் பாடவைத்துப் பதிவார், ஆனால் ஒரே நேரத்தில் ஒரு குரலைத்தான் அது வாங்கும். இரண்டாவது குரலைச் சேர்த்தால் முதல் குரல் விக்கும். மூன்றாவதைச் சேர்த்தால் எல்லாம் அப்படியே உறைந்து, திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்குச் சூடேறினால் மோட்டர் படகு போல இரையும். அதற்காக மீன்வாடியில் இருந்து ஒரு கட்டி ஐஸ் கொண்டுவரச் செய்து, தட்டத்தில் வைத்து, அதற்கு மேல் இன்னொரு தட்டத்தைக் கவிழ்த்து, அதன்மேல் லப்டொப்பைக் குடியிருத்துவார். ஐஸ் கொண்டு வருவது பாடுகிறவரின் புருஷனுடைய வேலை. என் புருஷன் கடலுக்குப் போகிறவர் என்பதால் ஐஸோடு இரண்டு விளைமீனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார்.

பாடும் இடம் அவருடைய குவாட்டர்ஸின் படுக்கையறை. யன்னலில் மெத்தையைச் சாத்தி, அலுமாரிக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் முகத்தை வைத்துப் பாட வேண்டும். எதிரொலி வராமல் இருக்க அதுதான் வழியாம். மைக் ஒரு நீல வொயில் சேலையில் ஊசி குத்தித் தொங்கும். பூச்சி உருண்டை மணத்தில் தும்மல் வரும். தும்மினால் முதலில் இருந்து பாட வேண்டும். எட்டாம் மாதத்துக்குப் பிறகு வயிறு அலுமாரித் தட்டில் முட்டும் என்பதால் பக்கவாட்டில் நின்று பாட அனுமதி உண்டு.

வயிறு என்றேன் அல்லவா, அதைச் சொல்ல வேண்டும். அவருடைய பாடகர் குழுவில் சேர ஒரே ஒரு தகுதிதான், அவருடைய கர்ப்பவதிகள் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கிளினிக்கில் நிறை பார்க்கும்போதே குரலையும் பார்த்துவிடுவார். கோயில் பாடகர் குழுவில் அத்தனை குமர்ப்பிள்ளைகள் இருக்க ஏன் இந்த வேலை என்று ஃபாதர் கேட்டாராம்.

"அவையளுக்கு நேரமில்லை ஃபாதர். என்ர ஆக்களுக்கு ஒன்பது மாதம் இருக்கு," என்றாராம்.

பதிய வேண்டியது ஒரே ஒரு பாட்டு. மடு மாதாவைப் பற்றி அவரே கட்டிய பாட்டு. ‘அலைக்குள்ள போனவரும் அடிவயித்தில் இருப்பவரும் கரை சேர வேணும் தாயே’ என்று தொடங்கும். ஆவணித் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் அதைப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது எந்த வருடத்து ஆவணி என்று அவர் சொல்லவில்லை. இரண்டாம் குரல் பதியும்போது முதல் குரல்காரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் குரல் வரும்போது முதல்காரி அடுத்ததுக்குப் பதிந்திருப்பாள்.

ஊரும் ஒத்துழைக்கவில்லை. ரயில் வரும் நேரத்தையும் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் நேரத்தையும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். கோயில் மணிக்கும் கணக்கு இருந்தது. கழுதைகளுக்குத்தான் கணக்கு இல்லை. மன்னார்த் தீவில் கழுதை நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்த நேரத்தில் கத்தும். எல்லாம் ஓய்ந்த நேரத்தில் மைக் வயர் தன்பாட்டில் அக்கரை வானொலியைப் பிடிக்கும். ஒருத்தி உருகி உருகி மாதாவைக் கூப்பிடும்போது பின்னால் இராமேஸ்வரம் பக்கத்தில் மழை பெய்யுமா பெய்யாதா என்று ஒரு மனிதர் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவ்வளவுக்கும் அந்த லப்டொப்பை அவர் ஒரு நாளும் ஏசியதில்லை. ஏசுவாரா? அதுதானே அவருடைய கேடயம். தனக்கு விருப்பமில்லாத எதையும் தன் வாயால் மறுக்க மாட்டார். எல்லாப் பழியையும் லப்டொப்பின் தலையில் போட்டுவிட்டு, தான் பாவம் போல நிற்பார். கோயில் சபையின் கூட்டங்களைப் பதிந்து தரச் சொன்னார்கள். "ஐயோ, நீங்கள் சண்டை பிடிக்கிற சத்தத்துக்கு லப்டொப் தாங்காது." ஃபாதர் தன் பிரசங்கத்தைப் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். "பத்து நிமிசத்துக்குள்ள எண்டா ஏலும் ஃபாதர். அதுக்கு மேல தாங்காது." அன்றிலிருந்து நாலு மாதம் எங்கள் கோயிலில் பிரசங்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அவருக்கு நன்றி சொன்னது.

இன்னொரு நாள் ஒருத்தன் குடிவெறியில் வந்து வாசலில் நின்று கத்தினான். அவன் பெண்சாதி அலுமாரிக்குள் முகத்தை வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் சமையல் கிடக்க இங்கே என்ன கூத்து என்று தொடங்கி, எழுத முடியாத சொற்களுக்குப் போனான். அக்கா அசையவில்லை.

"தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு மெல்ல உள்ள வாங்கோ. உங்கட குரலும் இப்ப உள்ளுக்க ஏறிட்டுது. அழிக்க எனக்குத் தெரியாது. திருவிழாவுக்குப் பஸ்ஸில போடேக்க எல்லாரும் கேப்பினம்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, லப்டொப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான்," என்று அதற்கு விளங்கப்படுத்தினான். பிறகு அவனே ஒவ்வொரு முறையும் ஐஸோடு அவளைக் கூட்டி வந்தான்.

நான் அந்தக் குழுவில் சேர்ந்த கதை கொஞ்சம் வேறு. சும்மா சொல்லக் கூடாது, என் குரல் நல்ல குரல். பெரிய வெள்ளியன்று நான் தனியாகப் பாடினால் முன்வரிசையில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். ஆனால் அந்தப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. பிரஷர் ஏறியது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கிளினிக்கில் எல்லாரும் வரிசையாக இருக்கும் அந்த நீள வாங்கைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினால் போதும், பிரஷர் கூரையில் போய் நிற்கும். இரண்டாவது முறை வயிற்றில் தங்கியதும் நான் யாருக்கும் சொல்லவில்லை. பதிந்தால் போய்விடும் என்று ஒரு பயம். அது மடத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளையாவது எனக்கு வேண்டும், அதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எனக்குள் இல்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கையில் பதிவேடும் இல்லை, பையும் இல்லை. என் வயிற்றை ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை.

"உங்கட குரல் எனக்கு வேணும் பிள்ளை."

"எனக்குக் கிளினிக்குக்கு வர ஏலாது அக்கா."

"ஆர் உங்களைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டது? வீட்டை வாங்கோ. பாட்டுக்கு."

குரல் வேண்டும் என்று ஒருவர் வீடு தேடி வந்து கேட்டால் மறுக்கிற ஆள் இல்லை நான். அடுத்த நாளே போனேன். அலுமாரிக்குள் முகத்தை வைத்து முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடினேன். தும்மவில்லை. கழுதைகூடக் கத்தவில்லை. பாடி முடித்துச் சேலைகளை விலக்கிக்கொண்டு, பாராட்டுக்காகத் திரும்பினேன்.

அவர் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றினார். "ம்… லப்டொப் பிடிக்கேல்லை. நாளையிண்டைக்கு வாங்கோ."

நாளையிண்டைக்குப் போனேன். அன்றைக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை, லப்டொப் எழும்பக் காத்திருந்த பத்து நிமிடத்தில், மேசைக்குக் கீழிருந்து அந்தப் பட்டியை எடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"பயப்பிடாதைங்கோ. இது கிளினிக் இல்லையே. சுருதிக்குப் பாக்கிறது."

"சுருதிக்கோ?"

"பிரஷர் கூடினா சுருதியும் மேல போகும். வேற லப்டொப் எண்டா பிறகு இழுத்துச் சரிக்கட்டலாம். இதில அந்த சொப்ட்வெயர் ஓடாது. அதால பாடமுன்னமே சரியா இருக்கோணும்."

அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. கையை நீட்டினேன். நெஞ்சு படபடக்கவில்லை. "நூற்றிப் பத்துக்கு எழுபது. நல்ல சுருதி," என்று சொல்லி ஒரு கொப்பியில் எழுதினார்.

அதிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை போனேன். ஒவ்வொரு முறையும் சுருதி பார்ப்பார், பாடச் சொல்வார், லப்டொப் பிடிக்கவில்லை என்பார். ஒரு நாள் இசை தெரிந்தவர் என்று ஒரு இளம் ஆளைக் கொண்டுவந்து இருத்தியிருந்தார். அவர் பாட்டைக் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து என் கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தார்.

"இவர் ஏன் அக்கா காலைப் பாக்கிறார்?"

"தாளம் போடுற கால் வீங்கியிருக்கோ எண்டு பாக்கிறார்."

வந்தவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் டொக்டர் என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நானும் சிரித்துவிட்டு, அவர் எழுதித் தந்த குளிசையை ஒழுங்காகப் போட்டேன்.

ஆனால் என் மனத்தை அரித்தது வேறு விஷயம். எங்கள் ஒழுங்கையில் இருந்த ரீச்சர் ஒருத்தியும் அதே பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் என்றால் அப்படி ஒன்றும் இல்லை. வகுப்பில் வருகை கூப்பிடுகிற குரல். அவளுக்கு இரண்டே முறையில் முடிந்துவிட்டது! "எனக்கு லப்டொப் உடன பிடிச்சிட்டுது," என்று கோயில் வாசலில் வைத்து என்னிடமே சொன்னாள். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அப்படியென்றால் பிழை என் குரலில்தானே? கலண்டரில் ஒவ்வொரு முறையும் புள்ளி போட்டு வந்தேன். பத்து, இருபது, முப்பத்தைந்து. கோபத்தில் வீட்டில் சாதகம் பண்ணினேன். அடுத்த முறை அந்தப் பெட்டி என் குரலைப் பிடிக்காவிட்டால் அதைக் கடலில் தூக்கிப் போடுவேன் என்று புருஷனிடம் சத்தியம் செய்தேன். ஏழாம் மாதம் வந்ததும் போனதும்கூட எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு ரோசம்.

நாற்பத்திரண்டாவது முறை போன அன்று காலை பத்து மணி இருக்கும். லப்டொப் இன்னும் எழும்பவில்லை. பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மற்றக் கையில் சுற்றினார். மறுபடி பார்த்தார். பிறகு கொப்பியில் எழுதாமல், சுவரில் இருந்த லப்டொப் வயரை ஒரே இழுவையில் பிடுங்கினார். எழும்பும்போது நிற்பாட்டினால் செத்துப்போகும் என்று எங்களை மிரட்டி வைத்திருந்த பெட்டி அது. திரை பொட்டென்று இருண்டது.

"என்னக்கா, சுருதி கூடிட்டுதோ?"

"ஓம். பெரியாஸ்பத்திரியில ஆக்கள் இருக்கினம். அவை இறக்குவினம். எழும்புங்கோ."

ஓட்டோவில் என்னைச் சரித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருந்துகொண்டார். பேசாலையைத் தாண்டும்போது நான் அழத் தொடங்கிவிட்டேன். போன முறையும் இதே ரோட்டில்தான் கொண்டுபோனார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதைக்காதே என்று சைகை காட்டிவிட்டு, தானே பாடத் தொடங்கினார். அவருக்குப் பாடவே வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு வரி ஒரு சுருதி, அடுத்த வரி வேறொன்று. தான் கட்டிய பாட்டையே அவர் அப்படிக் கொலை செய்துகொண்டு வந்தார். இடைக்கிடை தலையை வெளியே நீட்டி ரோட்டில் நின்ற கழுதைகளை ஏசினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஓட்டோக்காரப் பெடியன் சிரிப்பை அடக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓடினான்.

அன்று மத்தியானமே வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு கிலோ இருந்தாள். கத்திய கத்தலில் எந்த லப்டொப்பும் உறைந்திருக்கும்.

பாட்டும் ஒருவழியாக அடுத்த ஆவணியில் முடிந்தது. மடுவுக்குப் போகும் பஸ்ஸில் போட்டார்கள். ரீச்சரின் குரல் ஒரு இடத்தில் விக்கியது. கடைசி வரியில் ஒரு கழுதையும் சேர்ந்து பாடியது. ஆனால் நடுவில் தனியாக வரும் என் குரல் கண்ணாடி போல இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு முறையில் இது எந்த முறையோ என்று யோசித்துக்கொண்டு, மடியில் பிள்ளையோடு பெருமையாக இருந்தேன்.

மகளுக்கு மூன்று வயதானபோது அக்காவுக்கு வவுனியாப் பக்கம் மாற்றம் வந்தது. சாமான் கட்டுகிற நாளில் உதவிக்குப் போயிருந்தேன். பாட்டை ஒரு பென்டிரைவில் எடுத்துத் தரச் சொன்னேன். அவர் முற்றத்தில் சட்டிபானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்களே எடுங்கோ பிள்ளை," என்றார்.

அதுவரை அந்தத் திரைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. என் முகம்தான் எப்போதும் சேலைகளுக்குள் இருந்ததே. பாடியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஃபோல்டர் போட்டு, பெயர் எழுதி வைத்திருந்தார். ரீச்சருடையதைத்தான் முதலில் திறந்தேன், என் புத்தி அப்படி. இரண்டு பதிவு இருந்தது. பிறகு என்னுடையதைத் திறந்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திகதியைப் பார்த்தேன். நான் போன முதல் நாள். போட்டுக் கேட்டேன். பஸ்ஸில் போட்டது அதேதான். மற்ற நாற்பதையும் தேடி எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை. அழித்த தடமும் இல்லை. அவர் பதியவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. மூன்று மாதம், மூச்சு முட்ட, வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய், என் குரல் சரியில்லை என்று நாள் நாளாக வெந்து, ஒரு வெறும் பெட்டிக்குப் பாடியிருக்கிறேன். விறுவிறென்று முற்றத்துக்குப் போனேன்.

"முதல் நாளே சரியா வந்திருக்கு. பிறகு நான் பாடினது ஒண்டும் இல்லை. நாப்பது தரம் அக்கா! நாப்பது தரம் ஒருத்தரும் கேக்காத பாட்டைப் பாடியிருக்கிறன்."

அவர் சாக்கின் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆர் சொன்னது ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு? நான் கேட்டனான் தானே."

 என் மகள் அந்தச் சாக்கின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை உதறிவிட்டு வாசல்படியில் இருந்தார்.

"லொறி வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்குப் பிள்ளை. ஒருக்காப் பாடுங்கோ பாப்பம்."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து தொண்டையைச் செருமினேன். முதல் சொல்லே வெளியே வரவில்லை. மறுபடி முயன்றேன். லொறி வந்து ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் என்னால் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை.